கீழே நிற்பவருக்கு வானிலிருந்து உதவி: ஏ-10 முதல் கிபிர் வரை

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அமெரிக்க வான்படை ஏ-10 என்ற பழைய தாக்குதல் விமானத்தைக் கழித்துவிடப் பார்க்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. வேகமான புது விமானங்கள் அதே வேலையைச் செய்துவிடாதா என்பது உங்கள் முதல் கேள்வி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எங்கள் தலைக்கு மேல் வந்த இலங்கை வான்படையின் கிபிர், மிக் போர்விமானங்கள் தரைப்படைக்குத் துணையாகத்தான் வந்தனவா என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரைப்படைக்கு வான் உதவி என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. எதிரியின் பின்புறத்தில் இருக்கும் முகாம், பாலம், எரிபொருள் கிடங்கு, பீரங்கி நிலை ஆகியவற்றை அடிப்பது ஒன்று. அங்கே தன் படையாள் யாரும் இல்லை. விமானி புறப்படும்போதே இலக்கு தாளில் எழுதியிருக்கும். போகலாம், போட்டுவிட்டு வரலாம். மற்றது, தன் படையும் எதிர்ப்படையும் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், தன் ஆளுக்கு நூறு இருநூறு மீற்றர் முன்னால் குண்டு போடுவது. இதைத்தான் நெருக்க வான் உதவி என்கிறார்கள். ஏ-10 பற்றிய வாதம் முழுக்க இந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. வன்னியில் கிபிர் செய்தது பெரும்பாலும் முதலாவது வேலை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இரண்டாவது வேலை ஏன் அவ்வளவு கடினம் என்பதை எங்கள் காட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கும் காடு. இரண்டு பக்கமும் மண் அணைகள், இடையில் வெட்டவெளி, அதன் அகலம் 150 மீற்றர் என்று வையுங்கள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் ஒரு நொடியில் 250 மீற்றர் போகும். அந்த வெளியை அது முக்கால் நொடிக்குள் கடந்துவிடும். எந்த அணை யாருடையது என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்க அந்த நேரம் போதாது. ஏ-10 பறப்பது கிட்டத்தட்ட 540 கி.மீ. வேகத்தில் என்றால், அதே வெளியைக் கடக்க ஒரு நொடி. இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பீர்கள். லாபம் கடப்பதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது. ஒரே சாய்வில் திரும்பினால், வேகம் 540 இலிருந்து 900 ஆகும்போது திரும்பும் வட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெருக்கும். வேகமான விமானம் ஒரு முறை தாண்டிப்போய்த் திரும்பி வருவதற்குள் விமானி அந்த இடத்தையே கண்ணிலிருந்து தொலைத்துவிடுவார். மெதுவாகப் போகிறவர் சாய்ந்து வட்டமிட்டபடியே அந்த மண் அணையைக் கண்ணுக்குள் வைத்திருப்பார். மேகம் தாழ்ந்திருந்தாலும் அதற்குக் கீழே நின்று வேலை பார்க்கலாம். எங்களுக்கும் மாரியில் மேகம் தாழ்ந்து மூடியிருக்கும் நாட்களில் கொஞ்சம் நிம்மதி இருந்ததே, அதற்கும் இதுதான் காரணம். உயரத்திலிருந்து குத்திப் பாய வரும் விமானத்துக்குக் கீழே தரை தெரியவேண்டும்.

சரி, விமானிக்குக் கண் போதாதென்றால் யார் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடும் ஆள் வருகிறார். காலாட்படையோடு சேர்ந்து நடந்து, முதுகில் ரேடியோவோடு, விமானியிடம் பேசுவதையே தொழிலாகப் பயின்றவர். முன்னரங்க வான் கட்டுப்பாட்டாளர் என்று சொல்லலாம். அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் இவருக்கு ஒன்பது வரி கொண்ட ஒரு படிவத்தை வைத்திருக்கின்றன. எந்த இடத்திலிருந்து தொடங்குவது, எந்தத் திசையில் வருவது, எவ்வளவு தூரம், இலக்கு நிற்கும் தரையின் உயரம், இலக்கு என்ன, எங்கே, அதைக் காட்ட என்ன அடையாளம், நம் ஆட்கள் எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில், போட்டபின் எந்தப் பக்கமாக வெளியேறுவது. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. உயரத்தையும் இடத்தையும் விமானி திருப்பிச் சொல்லவேண்டும். ஒரு இலக்கம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

அதற்குப் பிறகும் குண்டு போட மாட்டார்கள். பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கும் பேச்சு ஒன்று நடக்கும். ஒரு குளக்கட்டுப் பக்கம் இது நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கீழே இருப்பவர், "உமக்கு வடக்கே பெரிய குளம் தெரிகிறதா?" என்று கேட்பார். தெரிகிறது. "அணைக்கட்டில் துருசு எத்தனை?" இரண்டு. "கிழக்குத் துருசிலிருந்து வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது?" வயலுக்குள், தெற்கே. "வாய்க்காலை ஒரு றோட்டு வெட்டுகிறதா?" ஆம். "அந்தச் சந்தியின் மூலையில் என்ன இருக்கிறது?" ஓடு போட்ட கட்டடம் ஒன்று, பக்கத்தில் பனை வரிசை. "பனை வரிசையின் மேற்கு முனை. அங்கேதான் இலக்கு. நாங்கள் கட்டடத்துக்குத் தெற்கே, வாய்க்காலுக்குள்." இதில் பெரும்பாலும் கீழே இருப்பவர் கேட்கிறார், மேலே இருப்பவர் விடை சொல்கிறார். ஏனென்றால், "பனை வரிசையைப் பார்" என்று சொன்னால் விமானி ஏதோ ஒரு பனை வரிசையைப் பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்பார். வன்னியில் பனை வரிசைக்கு என்ன பஞ்சம்? தான் என்ன பார்க்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வைத்தால்தான் இருவரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்களா என்று தெரியும். இந்தப் பேச்சுக்குப் பல நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் விமானம் அங்கேயே நிற்கவேண்டும், எரிபொருள் இருக்கவேண்டும், கீழே இருப்பவர் தலையைத் தூக்கக்கூடிய நிலையில் இருக்கவேண்டும்.

வரும் திசையைப் பற்றி ஒரு சொல். குண்டு தவறினால் பெரும்பாலும் விமானம் பறக்கும் கோட்டிலேயே முன்னே பின்னே தவறும், பக்கவாட்டில் குறைவு. ஆகவே தன் படை வரிசைக்குச் சமாந்தரமாகப் பறந்து போடுவது பாதுகாப்பு, அதைக் குறுக்கே கடந்து போடுவது ஆபத்து. 1944 ஜூலையில் நோர்மண்டியில் கோப்ரா நடவடிக்கை தொடங்கியபோது, அமெரிக்கத் தரைப்படைத் தளபதி பிராட்லி முன்னரங்காக இருந்த றோட்டுக்குச் சமாந்தரமாக வரச்சொன்னார். கனரகக் குண்டுவிமானங்கள் குறுக்காக வந்தன. ஜூலை 25 இல் மட்டும் 111 அமெரிக்கப் படையினர் தங்கள் சொந்தக் குண்டிலேயே செத்தார்கள், அவர்களில் மக்நேர் என்ற லெப்டினன்ட் ஜெனரலும் ஒருவர். அதே நடவடிக்கையில்தான் கெசாடா என்ற வான்படைத் தளபதி, விமானிகளையே ரேடியோவோடு டாங்கிகளுக்குள் ஏற்றி முன்னணியில் அனுப்பினார். விமானியின் மொழி தெரிந்தவர் டாங்கிக்குள் இருந்ததால் மேலே சுற்றும் விமானம் உடனே வந்தது. நெருக்க வான் உதவியில் நடந்த மிகப் பெரிய பிழையும் மிக நல்ல திருத்தமும் ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் நடந்தன. இந்தத் துறையைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இனி ஏ-10. அது பிறந்ததே அமெரிக்கத் தரைப்படைக்கும் வான்படைக்கும் இடையிலான இழுபறியில். 1948 இல் கீ வெஸ்ட் உடன்பாட்டில் போர்விமானங்கள் வான்படைக்குப் போயின, தரைப்படைக்கு வான் உதவி கொடுக்கும் கடமையும் அதனிடமே போனது. ஆனால் வான்படையின் மனம் அணுகுண்டிலும் வேகத்திலும் இருந்தது. வியட்நாமில் தரைப்படைக்கு மிகவும் உதவியது ஸ்கைரெய்டர் என்ற பழைய உந்துவிசிறி விமானம்தான். தரைப்படை பொறுமை இழந்து செயென் என்ற ஆயுத ஹெலிகொப்டரைத் தானே உருவாக்கத் தொடங்கியதும், பொறுப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையும் சேர்ந்து 1966 இல் வான்படை ஒரு தனித் தாக்குதல் விமானத் திட்டத்தைத் தொடங்கியது. 1972 இல் ஏ-10 முதன்முதல் பறந்தது. அதே ஆண்டு செயென் கைவிடப்பட்டது. மரைன் படையில் இந்தச் சண்டை பெரிதாக எழுந்ததில்லை. அங்கே விமானமும் காலாட்படையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஏ-10 இன் உடலைப் பார்த்தாலே அதன் வேலை தெரியும். நேரான அகலச் சிறகு, இரண்டு இயந்திரமும் பின்னால் மேலே தூக்கி வைக்கப்பட்டவை, விமானியைச் சுற்றி 540 கிலோ அளவில் டைட்டேனியக் கவசம். மூக்கில் ஏழு குழல்கள் கொண்ட 30 மி.மீ. பீரங்கி, நிமிடத்துக்கு 3,900 குண்டு வேகம். கொள்ளக்கூடியது 1,174 குண்டு, ஆகவே விசையை விடாமல் அழுத்தினால் பதினெட்டு நொடியில் தீர்ந்துவிடும். ஒன்றிரண்டு நொடி மட்டுமே சுடுவார்கள். சுமார் 1,200 மீற்றரிலிருந்து சுட்டால் பத்தில் எட்டுக் குண்டு 12 மீற்றர் அகல வட்டத்துக்குள் விழும். இதுதான் காலாட்படைக்கு அதன் மேல் இவ்வளவு பாசம் வரக் காரணம். 250 கிலோ குண்டு போட்டால் தன் ஆட்களையும் சேர்த்து அடிக்கும் தூரத்தில் பீரங்கியால் சுடலாம். புது எப்-35ஏ போர்விமானத்தில் 25 மி.மீ. பீரங்கி, குண்டு சுமார் 180 தான். அத்தோடு ஏ-10 சுமார் 460 கி.மீ. போய், அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும்படி அமைக்கப்பட்டது. மேலே சொன்ன அந்த நீண்ட பேச்சுக்கு அந்த நேரம் வேண்டும்.

வான்படையின் பக்கமும் வெறும் பிடிவாதம் இல்லை. தோளில் வைத்து ஏவும் ஏவுகணை வந்தபிறகு தாழப் பறப்பது என்பது உயிரைக் கையில் பிடிப்பது. இதை வடக்கில் இருந்த நாங்கள் கண்ணால் கண்டோம். 1995 ஏப்ரல் 28 உம் 29 உம் பலாலியில் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ போக்குவரத்து விமானங்கள் ஏவுகணையில் விழுந்தன. அதே ஆண்டு ஒரு புக்காராவும் விழுந்தது. ஆர்ஜென்டீனாவின் புக்காரா இரட்டை உந்துவிசிறி கொண்ட, மெதுவான, தாழப் பறக்கும், இந்த வேலைக்கென்றே செய்த விமானம். இலங்கை வாங்கியது நான்கு, அவற்றில் மூன்று அழிந்தன. மெதுவான தாக்குதல் விமானம் என்ற எண்ணத்தை இலங்கை வான்படை பரீட்சித்து, அதற்குப் பிறகு உயரத்துக்கும் வேகத்துக்கும் போய்விட்டது. 1996 இல் கிபிரும் 2000 இல் மிக்-27 உம் வந்தன. ஏ-10 ஐப் பற்றி அமெரிக்க வான்படை சொல்வதும் இதே தர்க்கம்தான். உயரத்திலிருந்தே பார்க்கும் கமராவும் ஆயத்தொலைவு வைத்து விழும் குண்டும் வந்துவிட்டன, ஆப்கானிஸ்தானில் நெருக்க உதவியின் பெரும்பகுதியை எப்-16 உம் பி-1 குண்டுவிமானமும் மற்றவையும்தான் கொடுத்தன, ஒரே வேலைக்கு ஒரு விமானத்தை வைத்திருக்கப் பணம் இல்லை. 2014 இல் அவர்கள் கழிக்கக் கேட்டபோது காங்கிரஸ் மறுத்தது. பிறகு எப்-35 உடன் ஒப்பிட்டுப் பரிசோதனையும் நடத்தினார்கள். வாதம் இன்னும் முடியவில்லை.

நான் பல வருடமாக இதை வாசித்து வந்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்த விமானம் என்ற கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுப்பது தவறு. தன் ஆளையே அடித்த, பொதுமக்களை அடித்த பெரிய விபத்துகளை எடுத்துப் பாருங்கள்.

2001 டிசம்பர் 5, காந்தகாருக்கு அருகே. அமெரிக்க விசேட படைக் குழுவோடு இருந்த கட்டுப்பாட்டாளர் இலக்கின் ஆயத்தொலைவை ஒரு கைக்கருவியில் கணித்து வைத்திருந்தார். கருவியின் பற்றரி இறங்கிவிட்டது, மாற்றினார்கள். மறுபடி உயிர்பெற்ற கருவி காட்டியது தான் இருக்கும் இடத்தை. அந்த இலக்கங்கள் பி-52 குண்டுவிமானத்துக்குப் போயின. ஏறத்தாழ 900 கிலோ குண்டு, ஒரு மீற்றர் பிசகாமல், சொன்ன இடத்திலேயே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் அவர்களோடு நின்ற ஆப்கானியர்களும் இறந்தார்கள். அன்றைக்குத்தான் இடைக்காலத் தலைவராகப் பெயர் அறிவிக்கப்பட்ட ஹமீட் கர்சாயும் சிறு காயத்தோடு தப்பினார். குண்டில் பிழை இல்லை, விமானத்திலும் பிழை இல்லை.

2002 ஏப்ரலில் அதே காந்தகார்ப் பக்கம் ஒரு எப்-16 விமானி, இரவுப் பயிற்சியில் சுட்டுக்கொண்டிருந்த கனேடியப் படையினரைத் தன்னைச் சுடும் எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டு நான்கு பேரைக் கொன்றார். சரி, அது வேகமான விமானம் என்பீர்கள். 2003 மார்ச் 28 அன்று பஸ்ராவுக்கு அருகே பிரித்தானியக் கவச வாகனங்களைச் சுட்டு ஒருவரைக் கொன்றது இரண்டு ஏ-10. மெதுவாக, தாழ, கண்ணால் பார்த்துத்தான் சுட்டார்கள். நம்முடைய வாகனம் என்று காட்டுவதற்காகவே மேலே போட்டிருந்த செம்மஞ்சள் துணியை விமானிகள் ரொக்கெட் என்று எடுத்துக்கொண்டார்கள். 2014 ஜூனில் ஸாபுல் மாகாணத்தில் பி-1 குண்டுவிமானம் ஐந்து அமெரிக்கர்களையும் ஒரு ஆப்கானியப் படையாளையும் கொன்றது. கீழே இருந்தவர்களின் தலைக்கவசத்தில் அகச்சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த விமானத்தின் கமராவால் அந்த ஒளியைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாது என்பது அந்தக் கூட்டத்தில் சரியான நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

என்னை மிகவும் உலுக்கியது 2015 ஒக்டோபர் 3, குண்டூஸ். எம்.எஸ்.எப். என்ற எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் வைத்தியசாலையை அடித்தது ஏசி-130 என்ற தாக்குதல் விமானம். நெருக்க வான் உதவிக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் கிடையாது. மெதுவாக ஒரே இடத்தைச் சுற்றும், நல்ல கமராக்கள், பீரங்கி, உள்ளே பெரிய குழு. கிடைத்த ஆயத்தொலைவைப் போட்டுப் பார்த்தபோது வெறும் வெளி தெரிந்தது. பக்கத்தில், சொல்லப்பட்ட விவரத்துக்குப் பொருந்தும் ஒரு பெரிய கட்டடம் இருந்தது. அதையே இலக்கு என்று எடுத்தார்கள். கீழே இருந்து கேட்டவருக்கு அந்தக் கட்டடமே கண்ணில் படவில்லை. வைத்தியசாலையின் இடத்தை எம்.எஸ்.எப். முன்கூட்டியே கொடுத்திருந்தது, அடி விழும்போதும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது. 42 பேர் இறந்தார்கள்.

இந்த ஐந்தையும் அடுக்கிப் பார்த்தால், விமானம் ஒவ்வொன்றும் வேறு. உயரம், வேகம், ஆயுதம் எல்லாம் வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான். கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோமா என்பதைக் கடைசியாக ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளாமல் விசை அழுத்தப்பட்டது. அதனால்தான் ஏ-10 ஐக் காக்கச் சொல்பவர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்த பகுதி பீரங்கியும் இல்லை, கவசமும் இல்லை. ஏ-10 விமானி தன் தொழில் வாழ்க்கை முழுவதும் முதன்மையாக இந்த ஒரு வேலையைப் பழகுகிறார். எப்-16, எப்-35 விமானிக்கு வான்சண்டை, ஏவுகணை நிலைகளை அழிப்பது, தூரத் தாக்குதல் என்று பத்து வேலை, அதில் இதுவும் ஒன்று. ஏ-10 விமானப்பிரிவுகளைக் கலைத்தால் உலோகம் போவது பெரிய இழப்பில்லை. அந்தப் பழக்கத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துவந்த ஆட்கள் கலைந்துபோவது பெரிய இழப்பு. விமானத்தைக் கழிக்கட்டும், அந்த விமானிகளையும் கட்டுப்பாட்டாளர்களையும் ஒன்றாக வைத்துப் பயிற்றும் இடத்தைக் கழிக்கக்கூடாது என்பது என் கருத்து.

அப்புறம், வன்னி.

கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கி.மீ. கிபிருக்கு அது கால் மணிக்கும் கொஞ்சம் கூடிய பயணம். முன்னரங்கில் ஒரு படைப்பிரிவு சிக்கி உதவி கேட்டால், தயாராகிப் பறந்து வந்து, கீழே இருப்பவரோடு பேசிப் பிடித்து, காட்டுக்குள் எந்த மண் அணை யாருடையது என்று தெரிந்துகொள்வதற்குள் சண்டை வேறிடம் போய்விடும். கொண்டுவந்ததும் பெரும்பாலும் வழிகாட்டல் இல்லாத சாதாரணக் குண்டு. ஏவுகணைக்குப் பயந்து உயரத்திலிருந்து பாய்ந்து போடும் அந்தக் குண்டு பல பத்து மீற்றர் தவறுவது சாதாரணம். அதைத் தன் படைக்கு நூறு மீற்றர் முன்னால் போட எந்தத் தளபதியும் விரும்பமாட்டார். மிக்-27 இன் 30 மி.மீ. பீரங்கி ஏ-10 இனுடையதைவிட வேகமானது, சுடும்போது விமானமே அதிர்ந்து அதன் விளக்குகள் உடைவதாகச் சொல்வார்கள். ஆனால் அதைப் பயன்படுத்தத் தாழ வரவேண்டும். முன்னரங்கில் தரைப்படைக்கு நெருக்கமாக உதவியது ஆட்லறியும் மோட்டாரும் பல்குழல் எறிகணையும். வானிலிருந்து என்றால் எம்.ஐ.-24 ஹெலிகொப்டர். அது முன்னரங்குக்குப் பக்கத்திலேயே இறங்கி ஏறும், மெதுவாக நிற்கும், ரொக்கெட்டும் பீரங்கியும் கொண்டுவரும். அதனால்தான் அதுவும் அதிகமாக அடிபட்டது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கிபிரும் மிக்கும் தரைப்படைக்கு நெருக்கமாக உதவ வந்தவை என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. அவை பின்புலத்தை அடிக்க வந்தவை. அந்தப் பின்புலத்தில்தான் நாங்கள் இருந்தோம். முகாம், கிடங்கு, பீரங்கி நிலை என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடங்களுக்கு நடுவே ஊரும் சந்தையும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் இருந்தன.

வன்னியில் வளர்ந்த எவருக்கும் அந்த ஒழுங்கு பழக்கம். முதலில் வண்டு, அதாவது ஆளில்லா வேவு விமானம். உருவம் தெரியாது, மோட்டார்ச் சத்தம் மட்டும் ஒரே சீராக மேலே நிற்கும், சில நாட்களில் விடிய விடிய. அது ஒரே இடத்தைச் சுற்றினால் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துவிடுவார்கள், அடுப்பில் புகை போடவிடமாட்டார்கள். பிறகு இரண்டு கிபிர் வரும். ஒன்று மேலே வட்டம், ஒன்று பாயும், பிறகு மாறும். பாயும்போது வரும் இரைச்சல் காதுக்கு எட்டும் நேரத்தில் ஓடிப் பயனில்லை, இருந்த இடத்தில் விழுந்து படுக்கவேண்டும். பங்கரை எல் வடிவில் வெட்டுவார்கள், வாசலுக்கு நேரே யாரும் இருக்கக்கூடாது, சிதறு துண்டு நேராக உள்ளே வராது. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. கிபிருக்கு எதிராக வானைப் பார்த்து நேரம் கணிக்க எங்கள் சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வண்டுதான் இங்கே கட்டுப்பாட்டாளரின் இடத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கீழே, இலக்குக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்குள் படுத்திருந்து "மேற்கு முனை, கிழக்கு அல்ல" என்று சொல்ல யாரும் இல்லை. மேலிருந்து எடுத்த படம், அதைத் தூரத்தில் இருந்து பார்த்து முடிவெடுக்கும் ஒருவர். படத்தில் ஒரு வளவுக்குள் ஆட்கள் கூட்டமாக நிற்பது தெரியும். அவர்கள் யார் என்பது தெரியாது. 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்து பள்ளி மாணவிகள் இறந்தார்கள். அரசு அதைப் பயிற்சி முகாம் என்றது. நேரில் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, படை நிலைக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது. குண்டூஸைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வள்ளிபுனம் நினைவுக்கு வருகிறது. குண்டூஸில் அடித்தவர்களே விசாரணை நடத்தி, எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் வெளியிட்டார்கள். அந்த விசாரணை போதாது என்று எம்.எஸ்.எப். சொன்னது, அதுவும் நியாயம். வள்ளிபுனத்துக்கு அவ்வளவுகூட இல்லை. இலக்கை யார் குறித்தார், எந்தப் படத்தை வைத்து, யார் சம்மதம் சொன்னார் என்பதை அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இதைக் கேட்கவேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கிபிருக்குப் பதிலாக ஏ-10 மாதிரி ஒன்று இருந்திருந்தால் எங்களுக்குக் குறைவாக அடிபட்டிருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் அப்படி நம்பவில்லை. அதே படத்தை வைத்து, அதே ஆள் குறித்த இடத்துக்கு, அது இன்னும் மெதுவாக வந்து இன்னும் சரியாக அடித்திருக்கும்.

இப்போது உக்ரைனில் நடப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பக்கமும் எஸ்.யு.-25 வைத்திருக்கிறது, அது ஏ-10 இன் சோவியத் பங்காளி போன்றது. ஆனால் ஏவுகணைப் பயத்தால் அவை முன்னரங்கை நெருங்காமல், தாழ வந்து மூக்கை மேலே தூக்கி ரொக்கெட்டுகளை வீசிவிட்டுத் திரும்பிப் போகின்றன. கண்ணால் பார்த்து அடிப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அந்த வேலையைச் சின்ன ட்ரோன்கள் எடுத்துக்கொண்டன. காலாட்படைப் பிரிவு தானே ஏவி, தானே திரையில் பார்த்து, தானே ஓட்டி அடிக்கிறது. 1948 இல் தொடங்கிய இழுபறியில் தரைப்படை கேட்டது இதைத்தான், தன் கையில் ஒரு விமானம். பார்ப்பவரும் அடிப்பவரும் ஒரே ஆள் என்பதால் தன் ஆளையே அடிக்கும் பிழை குறையலாம். ஆனால் திரையில் தெரியும் சைக்கிள்காரர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கெர்சோனில் ட்ரோனால் அடிபட்ட பொதுமக்களைப் பற்றி ஐ.நா. விசாரணை ஆணைக்குழு எழுதியிருப்பதைத் தேடி வாசியுங்கள். ஏ-10 ஐப் பற்றிய அடுத்த செய்தியை வாசிக்கும்போதும், அந்த விமானத்தோடு ரேடியோவில் பேசுகிற ஆளைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.